வால்பாறைக்கு முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வால்பாறையில் காடு எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் யாராலும் கைநீட்டிக் காட்ட முடியாது. ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம். பெரும்பகுதி தேயிலை, கொஞ்சம் காப்பி, நடுநடுவே வெட்டாமல் விட்ட சோலைத் துண்டுகள். சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகமும், கேரள எல்லைக்கு அப்பால் பரம்பிக்குளம், வாழச்சால் காடுகளும். இடையில் வேலி கிடையாது. பகலில் சோலைத் துண்டில் நிற்கும் யானைக்கூட்டம் இருட்டியதும் தேயிலைக்குள் இறங்கி, எஸ்டேட் குடியிருப்பை ஒட்டி, தார்ச்சாலையைக் கடந்து அடுத்த சோலைக்குப் போகும். அதே தேயிலையில்தான் காலையில் ஆட்கள் கொழுந்து பறிக்க இறங்குகிறார்கள்.

அதனால் இங்கே காட்டுக்குள் போவது என்று தனியாக ஒரு நிகழ்ச்சி இல்லை. மலையடிவாரத்தில் இருக்கும் ஆழியாறு சோதனைச்சாவடியைத் தாண்டியதிலிருந்தே நீங்கள் காட்டுக்குள்தான் இருக்கிறீர்கள். சுற்றுலாப் பயணி செய்யும் தவறுக்கான விலையைப் பெரும்பாலும் அவர் கொடுப்பதில்லை என்பதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. மத்தியானம் நீங்கள் ஹாரன் அடித்து மிரட்டிய யானை, சாயங்காலம் வேலை முடிந்து நடந்து வரும் ஒருவருக்கு எதிரே வந்து நிற்கும். கீழே சொல்லியிருப்பவற்றில் பாதிக்குமேல் இந்தக் காரணத்தால்தான்.

எப்போது, எத்தனை நாள்

கோவையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல், அதில் கடைசி 40 கிலோமீட்டர் மலைச்சாலை. ஒரே நாளில் போய்த் திரும்புவதுதான் எல்லா வகையிலும் மோசமான திட்டம். அவசரமாக ஏறி, நாலு இடத்தில் இறங்கிப் படம் எடுத்து, விலங்குகள் சாலைக்கு வரும் அந்தி நேரத்தில் வேகமாக இறங்குவதில்தான் அது முடியும். குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். வாரநாளாக இருந்தால் இன்னும் நல்லது. சனி, ஞாயிறில் மலைச்சாலையும் ஊரும் திணறுவது ஒருபக்கம். அறை வாடகையும் ஏறிவிடும்.

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை வானம் தெளிவாக இருக்கும், குளிரும். யானைக்கூட்டங்கள் மேட்டுநிலத்தில் நிறைய நடமாடும் காலமும் ஏறக்குறைய இதுதான். மார்ச், ஏப்ரலில் வெயில். புல்மலைகள் காய்ந்து கிடக்கும், ஒரு பீடித் துண்டு போதும் தீப்பிடிக்க. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பக்கத்திலிருக்கும் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று. அப்போது வந்தால் அட்டை, மூடுபனி, மண்சரிவு எல்லாவற்றுக்கும் தயாராக வர வேண்டும். மழைக்கால வால்பாறைதான் அழகு என்று சொல்பவர்கள் உண்டு. உண்மைதான், ஆனால் முதல்முறை போகிறவர்களுக்கு அது வேண்டாம்.

இ-பாஸ்

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் தொடங்கிய இ-பாஸ் முறை, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் வந்துவிட்டது. தமிழக அரசின் இ-பாஸ் இணையதளத்தில் கைப்பேசி எண், வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதி, எங்கே தங்கல் என்று கொடுத்தால் பாஸ் வரும். கீழே ஆழியாற்றிலும் கேரளப் பக்கம் மளுக்கப்பாறை வழியிலும் சோதிப்பார்கள். சோதனைச்சாவடியில் வரிசையில் நின்றுகொண்டு சிக்னல் தேடுவதைவிட முந்தின நாளே எடுத்து, படமாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பேருந்தில் போனால் இந்த வேலையே இல்லை. பொள்ளாச்சியிலிருந்து ஏறினால் இரண்டரை, மூன்று மணி நேரத்தில் வால்பாறை. இந்தச் சாலையை வருடக்கணக்காக ஓட்டும் ஓட்டுநர். ஜன்னலோரம் நல்ல உயரத்தில் இருக்கை. வண்டி ஓட்டும் பதற்றம் இல்லாமல் மலையைப் பார்க்க இதைவிடச் சிறந்த வழி கிடையாது. மேலே போனபிறகு உள்ளூர் ஆட்டோவோ ஜீப்போ ஒருநாளைக்குப் பேசிக்கொள்ளலாம்.

அறை பிடிக்கும் முன் கேட்க வேண்டியவை

தங்குமிடத்தைத் தொலைபேசியில் அழைத்து நாலு கேள்வி கேளுங்கள். சுற்றுலாத் துறையிலோ நகராட்சியிலோ பதிவு செய்த இடமா? சமையல் கழிவை என்ன செய்கிறார்கள்? கேம்ப்ஃபயர், ஒலிபெருக்கி உண்டா? ராத்திரி விலங்கு காட்ட வண்டியில் கூட்டிப்போவார்களா?

கடைசிக் கேள்விக்கு “ஏற்பாடு பண்ணலாம் சார்” என்று பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். இரவு சஃபாரி என்ற பெயரில் நடப்பது, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு எஸ்டேட் சாலைகளில் டார்ச் அடித்துக் காட்டுமாட்டையும் யானையையும் தேடுவது. வனத்துறை இதற்கு அனுமதி தருவதில்லை. பிடிபட்டால் ஓட்டுநரோடு சேர்த்து உங்கள் மேலும் வழக்கு வரும். அதைவிடப் பெரிய கேடு, கண்ணில் வெளிச்சம் அடித்து விரட்டப்பட்ட விலங்கு வழக்கமான தடத்தை விட்டு விலகிக் குடியிருப்புப் பக்கம் ஒதுங்குவது. வண்டியில் போய் விலங்கு பார்த்தே ஆக வேண்டும் என்றால் டாப்சிலிப்பில் வனத்துறையே வாகனம் வைத்திருக்கிறது. ஆனால் அதற்குப் பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாகத் தனியே போக வேண்டும். வால்பாறைப் பயணத்தோடு ஒரே நாளில் சேர்க்க முடியாது.

சமையல் கழிவைப் பற்றிக் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. இங்குள்ள யானைகள் ரேஷன் கடை, சத்துணவுக்கூடச் சுவரை இடித்து அரிசியை எடுத்துத் தின்று பழகியவை. சோற்று வாடை வீசும் குழியைத் திறந்துபோட்டிருக்கும் விடுதி, யானைக்கும் காட்டுப்பன்றிக்கும் தினசரி அழைப்பு வைக்கிறது. பன்றியும் தெருநாயும் வரும் இடத்துக்குப் பின்னாலேயே சிறுத்தையும் வரும்.

மூட்டையில் என்ன

தண்ணீருக்கு ஆளுக்கு ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில். தமிழ்நாடு முழுக்க 2019 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. 2025-இல் உயர் நீதிமன்றம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளுக்கு அதை இன்னும் இறுக்கிவிட்டது. தண்ணீர் பாட்டிலும் அதில் அடக்கம். சோதனைச்சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். தின்பண்டத்தைப் பாக்கெட்டோடு கொண்டுவராமல் வீட்டிலேயே டப்பாக்களில் மாற்றிக்கொண்டால் பாதிக் குப்பை அங்கேயே நின்றுவிடும்.

குப்பைக்கென்று இறுக மூடும் டப்பா ஒன்று. நான்கு பேர், இரண்டு இரவு என்றால் பத்து லிட்டர் அளவு போதும். டயப்பர், நாப்கின் இருந்தால் அதற்குத் தனியாக இன்னொன்று. டார்ச், மழைக்கோட்டு, பிடிப்புள்ள செருப்போ ஷூவோ. மழைக்காலமென்றால் முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை. பறவை பார்க்க ஆசையிருந்தால் 8×42 பைனாகுலர். நிறைய இடங்களில் சிக்னல் கிடைக்காது, ஆகவே கொஞ்சம் ரொக்கமும், ஊரின் வரைபடத்தை இறக்கிவைத்த கைப்பேசியும்.

மலைச்சாலைக்கென்றே ஒரு பிரச்சினை வாந்தி. ஜன்னல் வழியே வெளியே விழும் வாந்திக் கவர்களை வளைவுக்கு வளைவு பார்க்கலாம். குமட்டும் வழக்கமுள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரையை ஆழியாற்றுக்கு அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். காலையில் லேசாகச் சாப்பிடுங்கள். பின்சீட்டில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு வராதீர்கள். அப்படியும் வந்தால் என்ன செய்வது என்பதற்கு மூடியுள்ள ஒரு சின்னத் தூக்குவாளி. மேலே போய்க் கழுவிக்கொள்ளலாம்.

மலை ஏறும்போது

பொள்ளாச்சியில் எரிபொருள் நிரப்பி, காற்று, பிரேக் பார்த்து, காலை ஏழு மணிக்குள் ஆழியாற்றைத் தாண்டிவிடுவது நல்லது. கழிப்பறைத் தேவையையும் கீழேயே முடித்துக்கொள்ளுங்கள். நடுவழியில் புதர் மறைவு தேடி இறங்குவது அசுத்தம் மட்டுமல்ல, புதருக்குள் என்ன இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியாது.

மொத்தம் 40 கொண்டைஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கும். ஏறும் வண்டிக்கே முதல் உரிமை. இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். வளைவுக்குள் போவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். வளைவின் நடுவில் குறைக்கப் போனால் வண்டி திணறும், பின்னால் வரும் பேருந்துக்கு இடமிருக்காது. பேருந்து திரும்ப முழு வளைவும் வேண்டும், ஆகவே எதிரே பேருந்து தெரிந்தால் வளைவுக்கு வெளியிலேயே நில்லுங்கள். ஹாரனைக் கண் மறையும் வளைவில் ஒருமுறை அடித்தால் போதும்.

9-வது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட். கீழே ஆழியாறு அணை முழுதாகத் தெரியும். இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் வரையாடுகள் சாலையோரத்துக்கு வந்து நிற்கும். தமிழ்நாட்டின் மாநில விலங்கு. 2025-இல் எடுத்த கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்கச் சேர்த்தே 1,303 தான். செங்குத்துப் பாறையில் மேய வேண்டிய விலங்கு, பிஸ்கட்டுக்கும் உப்புக்கும் பழகித் தார்ச்சாலையில் வண்டிக்கு நடுவே நிற்கிறது. பக்கத்தில் போய் செல்ஃபி எடுக்க அது அனுமதிக்கிறது என்பதே கவலைப்பட வேண்டிய விஷயம். வண்டியை வாகன நிறுத்தத்தில் விட்டு, இருந்த இடத்திலிருந்தே பாருங்கள். குட்டியோடு இருந்தால் நடுவே புகாதீர்கள். கையில் எதையும் நீட்டாதீர்கள். குரங்கு அருவிப் பக்கம் நாட்டுக்குரங்குகளுக்கும் இதே விதி, அங்கே கூடுதலாக வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்.

அட்டகட்டி தாண்டிக் கவர்க்கல் பக்கம் மூடுபனி நிரந்தர வாடகைக்காரர். நல்ல வெயில் நாளில்கூடப் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாமல் போகும். ஹைபீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். லோபீமில் மெதுவாகப் போங்கள். ஓடும் வண்டியில் நாலு இண்டிகேட்டரும் எரிந்தால், நிற்கிறீர்களா போகிறீர்களா என்று பின்னால் வருபவருக்குப் புரியாது.

புதுத்தோட்டம்: சோலைமந்திகளின் சாலை

வால்பாறை ஊருக்குச் சற்று முன்னால் புதுத்தோட்டம் எஸ்டேட். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத சிங்கவால் குரங்கு, அதாவது சோலைமந்தி, இங்கே சாலையோரத்திலேயே வாழ்கிறது. உடல் கறுப்பு, முகத்தைச் சுற்றிச் சாம்பல்நிறப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். உடல் முழுக்கக் கறுப்பாகவும் தலை மட்டும் பழுப்பாகவும், வால் நீளமாகவும் இருந்தால் அது கருமந்தி, வேறு இனம்.

சோலைமந்தி மரத்தின் உச்சியிலேயே பிறந்து வாழ்ந்து முடிய வேண்டிய விலங்கு. காடு துண்டாகி, மரத்துக்கு மரம் கிளை எட்டாமல் போனதால் தரையில் இறங்கிச் சாலையைக் கடக்கிறது. அங்கே வண்டி அடித்துச் சாகிறது. இதற்காகப் பழைய தீயணைப்புக் குழாய்த் துணியால் செய்த பாலங்களைச் சாலைக்கு மேலே மரத்திலிருந்து மரத்துக்குக் கட்டியிருக்கிறார்கள், நிமிர்ந்து பார்த்தால் தெரியும். வண்டியை மெதுவாக்கச் சொல்லும் காவலர்களும் இருப்பார்கள். அவர்கள் கைகாட்டினால் வாக்குவாதம் செய்யாமல் கேளுங்கள்.

இந்தப் பகுதி முழுவதும் மணிக்கு 20 கி.மீ.க்கு மேல் வேண்டாம். ஒரு குரங்கு கடந்தால் பின்னால் இன்னும் பத்து இருக்கும். கடைசியில் வருவது பெரும்பாலும் குட்டி சுமந்த தாய். முதல் குரங்கு போனதும் வண்டியை எடுப்பவர்கள் தவறு செய்யும் இடம் இதுதான். பார்க்க வேண்டுமென்றால் அகலமான இடத்தில் ஓரம்கட்டி, இறங்கி, இருபது முப்பது மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். வாழைப்பழத்தோல்கூட அங்கே போடாதீர்கள். தோல் தானாக மக்கிவிடும் என்பது சரிதான், ஆனால் அது மக்குமுன் ஒரு குரங்கு அதை எடுக்கச் சாலைக்கு வரும்.

யானை

வால்பாறைக்கு வருடந்தோறும் நூற்றுக்கும் மேற்பட்ட யானைகள் வந்துபோகின்றன. அவை எங்கே நிற்கின்றன என்று மக்களுக்குச் சொல்ல, இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆனந்தகுமாரும் அவர் குழுவும் பல வருட ஆய்வுக்குப் பின் ஓர் ஏற்பாடு செய்தார்கள். உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியில் ஓடும் வரி, 2011 முதல் குறுஞ்செய்தி, பிறகு கைப்பேசியால் ஏற்றும் சிவப்பு விளக்குகள். 2015-இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது ஆனந்தகுமாருக்குக் கிடைத்தது இதற்காகத்தான். குறுஞ்செய்தி உங்கள் கைப்பேசிக்கு வராது, ஆனால் விடுதிக்காரருக்கும் டீக்கடைக்காரருக்கும் பஸ் நடத்துநருக்கும் வரும். ஒவ்வொரு மாலையும் வெளியே கிளம்புமுன் “யானை எந்தப் பக்கம்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சாலையோரக் கம்பத்தில் சிவப்பு விளக்கு மின்னினால் பக்கத்தில் யானை நிற்கிறது என்று பொருள். அது ஏதோ பழுதான சிக்னல் என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு.

2025 பிப்ரவரியில் பொள்ளாச்சி-வால்பாறைச் சாலையில் டைகர் வேலி பக்கம் யானை ஒன்று சாலையோரம் நின்றது. இருபக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. மோட்டார் சைக்கிளில் வந்த ஜெர்மன் பயணி நிற்காமல் அதைக் கடக்கப் பார்த்தார். யானை தாக்கி இறந்தார். எல்லாரும் நிற்கும் இடத்தில் நாமும் நிற்பது என்ற ஒற்றை விதிதான் அங்கே மீறப்பட்டது.

வண்டியில் போகும்போது எதிரே யானை வந்தால்:

1. நூறு மீட்டருக்குக் குறையாமல் தள்ளி நிறுத்துங்கள். இருசக்கர வண்டியென்றால் அதற்கும் இரட்டிப்பு தூரம். நிறுத்தியதும் இருசக்கர வண்டியைத் திருப்பி வைத்துவிட்டு அப்புறம் பாருங்கள்.
2. முன்னால் நிற்கும் வண்டிக்கு இரண்டு வண்டி நீளம் இடைவெளி விடுங்கள். பின்னால் எடுக்க வேண்டி வரும்போது எல்லாரும் ஒட்டி நிற்பதால் முதல் வண்டிக்காரர் மாட்டிக்கொள்கிறார். உண்மையில் நடக்கும் குழப்பம் பெரும்பாலும் இதுதான்.
3. எஞ்சினை உறுமவிடாதீர்கள், ஹாரன் வேண்டாம், ஹைபீம் வேண்டாம், ஃபிளாஷ் வேண்டாம். கதவைத் திறந்து இறங்கவே வேண்டாம்.
4. மேய்வதை நிறுத்தி, தலையைத் தூக்கி, காதை விரித்து உங்களைப் பார்த்தால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். மெதுவாகப் பின்னால் எடுங்கள். கன்னத்தில் நீர் ஒழுகிக் கறை படிந்த ஆண் யானை மதத்தில் இருப்பது. அதற்கு இன்னும் நிறைய இடம் கொடுங்கள்.
5. ஒரு யானை கடந்ததும் கிளம்பாதீர்கள். கூட்டம் முழுவதும் கடந்து, தேயிலைக்குள் இறங்கி மறைந்தபின் கொஞ்சம் பொறுத்து எடுங்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் வண்டி நுழைவதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து.

காத்திருப்பு பத்து நிமிடமும் ஆகலாம், ஒன்றரை மணி நேரமும் ஆகலாம். அதனால்தான் ஒருநாளில் மூன்று இடத்துக்குமேல் திட்டம் போடாதீர்கள்.

நடைக்கு: காலை ஆறரைக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் விடுதி வாசலைத் தாண்டி நடக்காதீர்கள். “சும்மா சாலைவரைக்கும்” கூட வேண்டாம். அந்தியில் சிறுத்தையும் கரடியும் நடமாடும். எஸ்டேட் குடியிருப்புகளில் சிறுத்தையால் குழந்தைகளை இழந்த குடும்பங்கள் இருக்கின்றன. ஆகவே உங்களோடு வரும் குழந்தையை முன்னால் ஓடவும் விடாதீர்கள், கடைசியில் தனியே வரவும் விடாதீர்கள். இரண்டு பெரியவர்களுக்கு நடுவே வரட்டும். யானையிடமிருந்து தப்ப மேட்டில் ஓடு, பள்ளத்தில் ஓடு என்று வாட்ஸ்ஆப்பில் வரும் அறிவுரையை நம்பிக் கிளம்பாதீர்கள். எந்தச் சரிவிலும் அது உங்களைவிட வேகம். தூரத்திலேயே பார்த்துவிடுவதும், வந்த வழியே சத்தமில்லாமல் திரும்புவதும் மட்டுமே நம்பத்தக்க உபாயம். காதில் இயர்ஃபோன் வைத்துக்கொண்டு எஸ்டேட் சாலையில் நடப்பவருக்கு இந்த உபாயமும் இல்லை.

காட்டுமாடு பார்க்கச் சாதுவாகத் தேயிலைக்குள் மேயும். அதற்கும் ஐம்பது மீட்டராவது விடுங்கள். தனியாக நிற்கும் முதிர்ந்த காளை திடீரென்று திரும்பும்.

தேயிலைத் தோட்டம் பூங்கா அல்ல

பச்சையாக, ஒழுங்காக வெட்டி, நடுவில் நடைபாதை விட்டிருப்பதால் யாரும் உள்ளே போகலாம் என்று தோன்றும். எல்லாம் தனியார் எஸ்டேட்டின் வேலைத்தளம். முதலில் அனுமதி. பிறகு மருந்தடித்த பாத்தியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். செடியைக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்கும்போது கையிலும் முகத்திலும் படுவது பூச்சிமருந்து. கொழுந்து பறிப்பவர்களுக்கு நாளுக்கு இத்தனை கிலோ என்று கணக்கு உண்டு. ஒரு போஸுக்காக அவர்களை நிறுத்தினால் அவர்களுடைய கணக்குதான் குறையும். படம் எடுக்க வேண்டுமென்றால் “அக்கா, எடுக்கலாமா?” என்று கேளுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதுவே பதில். எஸ்டேட் குடியிருப்புகளில் துணி காயும் வாசல்களை ரீல்ஸ் பின்னணியாக்குவதும் வேண்டாம்.

காடர், மலைமலசர், முதுவர் உள்ளிட்ட பழங்குடிகளின் குடியிருப்புகள் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் போகக்கூடாது. போய்ப் பார்க்கும் இடமாக அவற்றைக் காட்டும் ஆட்களையும் நம்பாதீர்கள்.

பணம் உள்ளூரிலேயே தங்கும்படிச் செலவழிப்பது எளிது. ஊருக்குள் இருக்கும் மெஸ்ஸில் சாப்பிடுங்கள், தேயிலைத்தூளை ஊர்க்கடையில் வாங்குங்கள், வண்டியோடு உள்ளூர் ஓட்டுநரை வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குச் சாலையும் தெரியும், யானையும் தெரியும்.

ஆறு

வால்பாறையில் சுற்றுலாப் பயணிகளை யானையைவிட அதிகம் ஏமாற்றுவது ஆறு. கூழாங்கல் ஆறு பார்க்க முழங்கால் ஆழம்தான். சற்றுக் கீழே பாறைக்கு நடுவே ஆளை விழுங்கும் கசம் இருக்கும், மேலிருந்து தெரியாது. பாசி படிந்த பாறை வழுக்கும். குளிர்ந்த தண்ணீரில் தசை பிடித்துக்கொள்ளும். இங்கே வெயிலடிக்கும்போதே மேலே எங்கோ மழை பெய்து நீர் ஏறும். 2023 அக்டோபரில் சோலையாறு எஸ்டேட் பகுதி ஆற்றில் கல்லூரி மாணவர்கள் 5 பேர் இறந்தார்கள். ஒருவர் சிக்கியதும் மற்றவர் ஒருவர்பின் ஒருவராக இறங்கிக் காப்பாற்றப் போவதில்தான் எண்ணிக்கை கூடுகிறது. தடை பலகை இருக்கும் இடத்தில் இறங்காதீர்கள். மற்ற இடத்திலும் உள்ளூர்க்காரர் குளிக்கும் இடம் தவிர வேறெங்கும் வேண்டாம். தண்ணீர் கலங்கினாலோ, இலைதழை மிதந்து வந்தாலோ உடனே கரையேறுங்கள். சோப்பு, ஷாம்பு வேண்டாம். கீழே இருக்கும் ஊருக்கு இதுதான் குடிநீர். பீர் பாட்டிலைப் பாறையில் உடைப்பவர்களைப் பற்றி எழுதி என்ன பயன். அடுத்து அங்கே வெறுங்காலோடு இறங்குவது துணி துவைக்க வரும் பெண்கள், அதன்பின் யானை.

பறவை, அட்டை, தவளை

பெரிய இருவாச்சியைப் பார்க்க வால்பாறை நல்ல இடம். ஏறக்குறைய ஜனவரியிலிருந்து ஏப்ரல்வரை பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை வைத்து அடைத்துக்கொண்டு அடைகாக்கும். அந்தக் காலம் முழுக்க ஆண் கொண்டுவரும் பழம்தான் உள்ளே இருப்பவற்றின் உணவு. கூட்டுக்குக் கீழே ஆள் நின்றால் ஆண் தூரத்துக் கிளையிலேயே உட்கார்ந்திருக்கும், பொந்துக்கு வராது. ஆகவே ஐம்பது மீட்டருக்கு அப்பால், மறைவாக, பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காமல் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கூடு இருக்கும் இடத்தைச் சமூக வலைத்தளத்தில் குறிக்காதீர்கள். கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். ட்ரோன் கொண்டுவரவே வேண்டாம்.

அட்டை கடித்தால் உப்பு, தீக்குச்சி வேண்டாம். நகத்தால் அதன் மெல்லிய முனையை, அதாவது வாயை, தோலோடு ஒட்டிப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும், பிறகு மறுமுனை. இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, காரணம் அட்டையின் எச்சில். கழுவி அழுத்திப் பிடித்தால் போதும்.

மழைக்கால இரவுகளில் தார்ச்சாலை முழுக்கத் தவளைகள். அவற்றில் பல இந்த மலையில் மட்டுமே உள்ளவை. இரவில் வண்டி எடுக்காமல் இருக்க இன்னொரு காரணம்.

குப்பையும் திரும்பும் வழியும்

அறையில் சேர்ந்த குப்பையை அங்கேயே விட்டுவருவதுதான் எல்லாரும் செய்வது. மலைமேல் ஒரு நகராட்சி இத்தனை பேரின் குப்பையையும் சமாளிக்க வேண்டும், கிடங்கைச் சுற்றிக் காடு. மீந்த உணவை மட்டும் விடுதியில் கொடுங்கள். பாக்கெட், டயப்பர், நாப்கின், பாட்டரி எல்லாம் டப்பாவோடு கீழே பொள்ளாச்சிக்கோ உங்கள் ஊருக்கோ வரட்டும். டப்பாவை வண்டியின் கூரைமேல் கட்டாதீர்கள். புதுத்தோட்டத்தில் குரங்குகள் திறந்துவிடும்.

இறங்குவதை மதியம் மூன்று மணிக்குள் தொடங்குங்கள். ஏறிய அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் விட்டு பிரேக்கையே நம்பினால் பாதி மலையில் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். எரிந்த வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி இருபது நிமிடமாவது ஆறவிடுங்கள். பிரேக்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மளுக்கப்பாறை, வாழச்சால், அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடிக்கு இறங்குவதென்றால் அது வேறு மாதிரியான சாலை. நெடுந்தூரம் அடர்ந்த காடு, கடை கிடையாது, சிக்னல் கிடையாது. கேரள வனத்துறைச் சாவடியில் நீங்கள் நுழைந்த நேரத்தைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். மறுமுனையில் அதைப் பார்த்து, நடுவில் எங்கே நின்றீர்கள் என்று கேட்பார்கள். பிளாஸ்டிக் எத்தனை என்றும் குறிப்பார்கள். இரவில் சாவடி மூடிவிடும், அதனால் வால்பாறையிலிருந்து காலையிலேயே கிளம்பி, டேங்கை நிரப்பி, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். அவசரத்துக்கு 112, ஆம்புலன்சுக்கு 108. இரண்டுக்கும் சிக்னல் வேண்டும் என்பதால், எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், எத்தனை மணிக்குள் அந்தப் பக்கம் சேர்வீர்கள் என்பதை விடுதிக்காரரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.